சத்தம் அடங்கிய பிறகு

முழங்கையை மடக்கி நெஞ்சில் இடித்தான். அந்த மனிதர் நிற்கவில்லை. தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தான். துண்டு மட்டும் கையோடு வந்தது. அதன் பிறகு கன்னத்தில் அறைந்தான். அவர் தடுமாறியதும் கீழே தள்ளி, மேலேயே விழுந்து, சிமெந்துத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

இருவருக்கும் முன்னால் காற்று சுழன்றுகொண்டிருந்தது. அதில் சத்தம் இல்லை.

கீழே கிடந்தவர் செல்லசாமி. இலங்கை மலைநாட்டில் றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் சங்கத் தலைவர். அங்குள்ள மாரியம்மன் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். மேலே கிடந்தவன் நல்லமுத்து. அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவன். சில வருடங்களாகக் கடலோரத்தில் ஒரு சிறிய விமானத் தளத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான்.

விமானத்தின் விசிறி நிற்கும்வரை நல்லமுத்து எழுந்திருக்கவில்லை. செல்லசாமி அவனுடைய தாயைச் சொல்லித் திட்டினார். அவன் முகத்தைத் திருப்பி விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு நான்கு தகடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு தகடு ஆகாயத்தைப் பார்த்து நின்றபோது கையை எடுத்தான்.

கூட வந்த ஐந்து பேரும் அதுவரை தங்கள் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் மாலை, ஒருவன் கையில் கற்பூரத் தட்டு. பழனியாண்டி கோயில் குடையைப் பிடித்திருந்தான். அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது விசிறி நின்றிருந்தது.

கும்பகோணத்துப் பக்கம் வார்த்த அம்மன் சிலை திருச்சியிலிருந்து அந்த விமானத்தில் வந்தது. தேரில் வைக்கும் வெண்கலச் சிலை. தோட்டத்தில் எல்லா லயத்துக் குடும்பங்களும் அதற்குக் கொடுத்திருந்தன, நல்லமுத்துவும் கொடுத்திருந்தான். விமானத் தளத்தில் எழுத்து வேலை பார்த்த அட்டன்காரர் ஒருவரைப் பிடித்து, சிமெந்துத் தளத்தின் ஓரம்வரை வந்து நிற்க அனுமதி வாங்கியிருந்தார்கள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிலை கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை வழியில் தரையில் வைக்கக்கூடாது. வைத்த இடத்தில் அம்மன் உட்கார்ந்துவிடுவாள். ஆள் மாற்றி ஆள் தலையிலோ கையிலோதான் கொண்டுபோக வேண்டும். விமானத்துக்குள் எப்படி வைத்திருப்பார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, ஆகாயத்தில் இருப்பதைத் தரை என்று சொல்ல முடியாது என்றான் பழனியாண்டி. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இறக்கும் இடம் தரை. சாமான் இறக்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கிச் சிமெந்தில்தான் போடுவார்கள் என்று செல்லசாமிக்குத் தெரியும். அவர்களுக்கு முந்திக் கதவுக்குப் போய்விட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாமான் கதவு விமானத்தின் முன்பக்கம் இருந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் இடது பக்கத்து விசிறி. இறக்குகிறவர்கள் மூக்கைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். கமிட்டிக்காரர்கள் நின்ற இடத்திலிருந்து நேராக நடந்தால் வழி விசிறிக்குள் போனது.

இரைச்சல் குறைந்தது. முனகலானது. பிறகு அதுவும் இல்லை.

"சத்தம் நின்னுருச்சு, வாங்க" என்று சொல்லிவிட்டு செல்லசாமி ஓடினார்.

தோட்டத்தில் வளர்ந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள். அங்கே எல்லாம் காதுக்குத்தான். விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டால் எழுந்திருக்க வேண்டும். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும். தேயிலை ஸ்டோரில் எஞ்சின் சத்தம் நின்றால் பட்டி தளர்ந்து, கொழுந்து உருட்டும் மிசின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கையை உள்ளே விட்டு இலையை வழித்தெடுக்கலாம். நல்லமுத்துவும் பதினாறு வயதிலிருந்து அப்படி வழித்தெடுத்தவன்தான். விமானத்தின் எஞ்சின் அப்படி இல்லை. எண்ணெயை அடைத்ததும் சத்தம் முதலில் போய்விடுகிறது. விசிறி தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் மேகமாக இருந்தால் அந்த இடம் வெறும் இடமாகத் தெரியும்.

ஐந்து பேரும் தலைவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது இறக்குகிறவர்கள் வந்து கதவைத் திறந்து பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார்கள்.

பழனியாண்டிதான் முதலில் பார்த்தான். கொண்டு வந்த மஞ்சள் தண்ணீரைப் பெட்டியைச் சுற்றி ஊற்றினார்கள். அங்கேயே தேங்காய் உடைத்தார்கள். காவல்காரர் ஓடி வந்து, ஒரு சில்லுகூடக் கிடக்கக்கூடாது, எஞ்சின் இழுத்துக்கொள்ளும் என்று சிங்களத்தில் கத்தினார். நல்லமுத்து குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான். அவனுடைய முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வலித்ததாக அவனுக்கு நினைவில்லை.

விமானி சன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். சிங்கள மெக்கானிக் ஒருவர் நல்லமுத்துவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். பார்க்க வந்த பெரிய மனிதரைக் கூலி அடித்துவிட்டான் என்று அட்டன்காரர் எழுதிக் கொடுத்தார். ஆட்களை வேலைக்குக் கொடுக்கும் கொந்தரப்புக்காரர் பகல் சாப்பாட்டுக்கு முன்பே நல்லமுத்துவை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அம்மனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேனில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அவன் மறுநாள் ரயிலில் றொசல்லையில் வந்து இறங்கினான்.

அவனுடைய தகப்பன் துறையூர்ப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். தேயிலைக்குள்ளேயே செத்தார். நல்லமுத்து ஸ்டோரில் உருட்டும் மிசினில் வேலை பார்த்தான். ராசம்மாவைக் கட்டினான். நாகலெட்சுமி பிறந்தாள். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கவில்லை, இங்கேயும் பிரஜையாகவில்லை. எழுபத்து நான்கில் பஞ்சம் வந்தது. மாவுக்கும் அரிசிக்கும் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். அப்போது கீழ்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வந்த ஒருவரோடு போனான். பிரஜைப் பத்திரம் இல்லாதவனுக்கு நிரந்தர வேலை கிடையாது என்று சொன்னார்கள். கொந்தரப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தோட்டத்தில் அவன் பேர் வெட்டுப்பட்டது. ராசம்மாவின் பேரில் லயத்துக் காம்பரா, அவர்கள் இருந்த ஒற்றை அறை, தொடர்ந்தது.

விமானத் தளத்தில் கந்தப்பளையிலிருந்து வந்த றோலண்ட் என்பவன் அவனுக்குக் கூட்டாளி. சக்கரத்துக்குக் கட்டை வைப்பது றோலண்டின் வேலை. விமானம் வந்து நின்றதும், விசிறிகள் சுற்றும்போதே, மூக்குக்கு நேராக நடந்து போய் முன் சக்கரத்தில் கட்டையைப் போட்டுவிட்டு, போன வழியே நேராகத் திரும்பி வர வேண்டும். பக்கவாட்டில் ஓர் அடி வைக்கக்கூடாது. "மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போற மாதிரி. குனிஞ்சு போ, குனிஞ்சு வா, பக்கத்து பெஞ்சுல பொம்பள யாருன்னு பாக்காத" என்பான் றோலண்ட். விமானத்தின் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். தகட்டை எண்ண முடிந்தாலும் போகக்கூடாது. ஒரு தகடு ஒரே இடத்தில் நின்றால் போகலாம். இவையெல்லாம் அவன் நல்லமுத்துவுக்குச் சொன்னவை.

எழுபத்தாறில் ஒரு தூறல் சாயங்காலம் றோலண்ட் கட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பினான். சத்தம் அடங்கியிருந்தது. இடது பக்கத்திலிருந்து யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பி இரண்டு அடி வைத்தான்.

தரையைக் கழுவ நல்லமுத்துவை அனுப்பினார்கள். குழாயைப் பிடித்துக் கழுவினான். அன்று ராத்திரி சோறு தின்றான். தூங்கினான். கந்தப்பளையிலிருந்து றோலண்டின் தங்கச்சி சிசிலி வந்து சாமான்களை எடுத்துப் போனபோது பெட்டியைப் பேருந்துவரை தூக்கிக் கொடுத்தான். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னான். அழவில்லை. அதன் பிறகு விசிறி நிற்கும்வரை ஆட்களை மறித்துக்கொண்டு நிற்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். கையை விரித்துக்கொண்டு நிற்பான். மந்திரியானாலும் மாலையோடு வந்தவர்களானாலும் கையைத் தாண்டவிடவில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அவனுக்குத் தெரிவதில்லை என்று ராசம்மா கவனித்தாள். ஊருக்கு வரும் நாட்களில் மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். முடிந்ததும் "ம்" என்பான். றோலண்டைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. சொல்லவில்லை.

வேலை போய் நல்லமுத்து திரும்பி வருவதற்கு முன்பே தோட்டம் முழுக்கக் கதை தெரிந்திருந்தது. தலைவரை அடித்தவன். அம்மனைத் தரையில் வைத்தவன். கோயிலில் மூன்று நாள் பரிகார பூசை நடந்தது. பேர் இல்லாததால் நாள் கூலிக்கு, மலைச்சரிவில் தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போனான். பக்கத்துக் கானில் வெட்டுகிறவர்கள் அவனோடு பேசாமல் வெட்டினார்கள்.

நாகலெட்சுமிக்குப் பதினாறு முடிந்திருந்தது. அவள் பேரைப் பதிய வேண்டும். பதிந்தால் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். தினமும் வேலை இருக்கும். பேர்களைத் தோட்டத்துத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் செல்லசாமி. அவளோடு பிறந்த பெண்களின் பேரெல்லாம் அந்த மாதம் போய்விட்டது. அவள் பேர் போகவில்லை. ராசம்மா போய்க் கேட்டாள். கோயில் முன்னால் வந்து தப்பை ஒத்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் செல்லசாமி. அவர் கோபமாகப் பேசவில்லை. லயத்துக்குக் கூரைத் தகரம் வாங்கிக் கொடுத்தவர், வெட்டுப்பட்ட பேர்களைத் திரும்பப் போட வைத்தவர். ஐந்து பேர் முன்னால் அறை வாங்கியிருந்தார்.

அம்மனுக்குப் பின்னால் வைக்கும் திருவாசி இன்னும் வரவில்லை. அதுவும் வெண்கலம். அதுவும் அதே விமானத்தில் வர இருந்தது. திங்கட்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதையும் தரையில் வைக்கக்கூடாது. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நல்லமுத்துவைக் கோயிலுக்கு வரச் சொன்னார்கள்.

அன்று காலை பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ராசம்மா கேட்டாள், என்ன சொல்லப் போகிறான் என்று.

"அடிச்சது தப்புன்னு சொல்றேன்."

"மிசினு நின்னுருச்சுன்னு சொல்லச் சொல்லுவாங்க."

அவன் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்த. சொன்னா வாயி வெந்து போயிருமா?"

"சொன்னா நாளைக்கு நேரா போவாங்க."

"சொல்லாட்டியும் போவாங்க" என்றாள் ராசம்மா. "ஒங்க பேச்ச யாரு கேக்குறா?"

குடம் நிறைந்து வழிந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்துப் பக்கம் நின்றார்கள். நாகலெட்சுமியும் நின்றாள். புது அம்மன் மஞ்சள் துணி சுற்றி உள்ளே இருந்தது. செல்லசாமி படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்தில் அடையாளம் ஒன்றும் இல்லை. நல்லமுத்து சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

செல்லசாமி ஒவ்வொன்றாகக் கேட்டார். அடித்தது தப்பா என்று கேட்டார். தப்புதான் என்றான். அம்மன் தரையில் இறங்க அவன் காரணமா என்று கேட்டார். காரணம்தான் என்றான். கோயிலுக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். ஒரு மாதம் ஈரத் துணியோடு தண்ணீர் சுமக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றான். விழுந்து கும்பிட்டான். எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் நின்றான்.

முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிலர் எழுந்துகூட விட்டார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிரு" என்றார் செல்லசாமி. "நான் போனப்ப அந்தக் காத்தாடி நின்னுருச்சா, இல்லையா?"

"நிக்கலங்க."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

"அஞ்சு பேரு பாத்தாங்க."

"அப்பொறம் பாத்தாங்க. நின்ன பொறகு பாத்தாங்க."

"சத்தம் இருந்துச்சா?"

"சத்தம் இல்லைங்க."

"சத்தம் இல்லாம ஓடுற மிசினு" என்றான் பழனியாண்டி. "மச்சான், நம்ம ஸ்டோருக்கு ஒண்ணு புடிச்சுக் குடு. தொரைக்குக் காதுவலி மிச்சம்."

சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரிப்புக் கேட்டது. பழனியாண்டி ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை பார்க்கிறவன். அங்கே பெரிய காற்றாடிகள் இருந்தன. நல்லமுத்து அவனைப் பார்த்து, மேல்மாடிக் காற்றாடி சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றுகிறதா இல்லையா என்று கேட்டான். சுற்றும், ஆனால் சுற்றுவது தெரியும், நான் கட்டையை வைத்து நிறுத்துவேன் என்றான் பழனியாண்டி. அதுவும் உண்மைதான்.

றோலண்டைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னான். கந்தப்பளைக்காரன் ஒருவன் இருந்தான், கட்டை வைக்கிறவன், மூன்று வருடத்துக்கு முன்பு சத்தம் அடங்கிய பிறகுதான் போனான், விசிறியில் பட்டுச் செத்தான் என்றான். அவன் குரலில் ஏற்ற இறக்கம் இருக்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிறவன் போலச் சொன்னான். கேட்டவர்களுக்கு அது இப்போது கட்டிய கதை மாதிரி இருந்தது. கூட்டாளி செத்ததை யாராவது அப்படிச் சொல்வார்களா என்று ஒருவர் பின்னால் கேட்டார். மூன்று வருடமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத சாவு எங்கிருந்து வந்தது என்று ராசம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவர் கேட்டார். ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"நாளைக்கு நானும் வர்றேங்க" என்றான் நல்லமுத்து. "சும்மா நிக்கிறேன்."

"எதுக்கு? இந்தக் கன்னத்துக்கா?" என்றார் செல்லசாமி, மற்றக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு.

இந்த முறை சிரிப்பு வெகுநேரம் இருந்தது. அது அடங்கிய பிறகு செல்லசாமி நாகலெட்சுமியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"நின்னுருச்சுன்னு சொல்லு நல்லமுத்து. புள்ள பேர நாளைக்கே குடுத்துர்றேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அம்மன வாங்கப் போன எடத்துல காரணத்தோட அடிச்சான்னு இருந்தா நான்ல முட்டாளு."

அது நியாயமாகத்தான் இருந்தது. நல்லமுத்து மகளைப் பார்த்தான். அவள் கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அவளைப் பார்த்தபோது தனக்குள் ஏதாவது அசைய வேண்டும் என்று நினைத்தான். அசையவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"நிக்கலங்க" என்றான்.

செல்லசாமி எழுந்து உள்ளே போய்விட்டார். பூசாரி மணி அடித்தார். கூட்டம் கலைந்தது. போகிற வழியில் ராசம்மா அவனுக்கு முன்னால் நடந்தாள். நாகலெட்சுமி இருவருக்கும் நடுவில் நடந்தாள்.

காம்பராவுக்குள் போனதும் ராசம்மா, "அந்த றோலண்டு மெய்யாவா?" என்றாள்.

"ம்."

"கல்யாணம் ஆனவனா?"

"இல்ல."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே வேன் போனது. செல்லசாமியும் அதே ஐந்து பேரும் போனார்கள். மாலை, குடை, கற்பூரத் தட்டு எல்லாம் போயின. தப்பு அடித்தபோது நல்லமுத்து எழுந்தான். பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். புதிதாகப் பதிந்த பெண்களின் பேரையும் கூப்பிட்டார். நாகலெட்சுமி தண்ணீர் எடுக்க வந்தவள், குடத்தோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

நல்லமுத்து மேல் மலையில் கான் வெட்டினான். காலையில் வெயில், பத்து மணிக்கு மேல் பனி இறங்கியது. விமானம் வரும் நேரம் அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கீழேயிருந்து பார்த்துவிட்டு ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். மறுபடி வெட்டினான். பகலுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும். சாயங்காலம் நான்கரைக்குக் கீழே இறங்கினான். வீட்டுக்குப் போகவில்லை. வேன் வந்து நிற்கும் கோயில் வளைவில், மதிலில் உட்கார்ந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேன் வந்தது. முதலில் பூத்தட்டோடு ஒருவன் இறங்கினான். பிறகு இரண்டு பேர் திருவாசியைத் துணியோடு தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பிறகு இன்னொருவன். பிறகு செல்லசாமி. கடைசியில் பழனியாண்டி. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நல்லமுத்து எழுந்து நின்றான்.

வந்திருந்தவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நேராகப் போனோம், நேராக வாங்கினோம், தரையில் படவில்லை, மிசின் நின்றுதான் இருந்தது என்றார் செல்லசாமி. கேட்டவர்கள் நல்லமுத்து இருந்த பக்கம் பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். மேளம் அடித்துக்கொண்டு திருவாசியை உள்ளே கொண்டுபோனார்கள்.

பழனியாண்டி உள்ளே போகவில்லை. வேனிலிருந்து குடையை எடுத்தான். சாக்கில் சுற்றியிருந்தது. மதிலில் சாத்தியபோது சாக்கு நழுவியது. குடையின் உச்சியில் இருந்த பித்தளைக் கும்பம் இல்லை. அதற்குக் கீழே ஒரு முழத்துக்கு மூங்கிலும் இல்லை. பட்டுத் துணியில் ஒரு பக்கம் இல்லை. வெட்டுப்பட்ட இடம் சாய்வாக, பென்சில் சீவினதுபோல இருந்தது.

செல்லசாமி அந்தப் பக்கமாக வந்தார்.

"வேன் கதவுல மாட்டிக்கிச்சு" என்றார்.

கதவில் நசுங்கின மூங்கில் பிளந்திருக்கும். இது பிளக்கவில்லை. பழனியாண்டி சாக்கைத் திரும்பச் சுற்றினான். அவனுக்கு முடிச்சுப் போட வரவில்லை. நல்லமுத்து வாங்கிப் போட்டுக் கொடுத்தான். பழனியாண்டி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் லயத்துப் பக்கம் இறங்கிப் போனான்.

"புள்ளய நாளைக்குப் பெரட்டுக்கு அனுப்பி வையி" என்றார் செல்லசாமி. அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றான் நல்லமுத்து.

வீட்டுக்குப் போனான். நாகலெட்சுமியிடம் சொன்னான். அவள் அம்மாவிடம் சொன்னாள். ராசம்மா கூடை ஒன்றை எடுத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பழைய கயிறு, மாற்ற வேண்டும் என்றாள். அவன் கயிறு மாற்றினான். மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் இருந்தன. சாப்பிட்டான். சம்பலில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று ராசம்மா சொன்னாள். அப்படியா என்றான். பிறகு ஈரத் துணி கட்டிக்கொண்டு கோயிலுக்குத் தண்ணீர் சுமக்கப் போனான். தண்டனையில் அன்று முதல் நாள்.